கடைக்கு வரும் வழி யார் கையில்? - தேடுபொறி மாறுதல்களும் சங்க இணையதளங்களும்

உற்பத்தி செய்வது ஒரு பாதி. உற்பத்தியானதை உரிய விலைக்கு விற்பது மறு பாதி. இவ்வுண்மையை நெசவாளரும் விவசாயிகளும் அறிவது போல வேறு எவரும் அறியார். தறியிலிருந்து இறங்கிய சேலை ஆறு மாதம் அலமாரியில் கிடந்தால், அதில் முடங்கிய நூல் விலையும் கூலியும் வட்டியோடு சங்கத்தின் தலை மீதே ஏறுகின்றன. களத்திலிருந்து வந்த மஞ்சள் கிடங்கில் தேங்கினாலும் அதே கதிதான். ஆகவேதான் கூட்டுறவு இயக்கம் உற்பத்தியில் செலுத்தும் கவனத்தை விற்பனையிலும் செலுத்தி வந்திருக்கிறது. 1935-ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதன் நோக்கமும், தனித்து நின்று விற்க இயலாத சிறு சங்கங்களின் சரக்கை ஒன்று சேர்த்து ஊரறியச் செய்வதேயாகும்.

இந்நாளில் விற்பனைக்கு மற்றொரு வாயிலும் திறந்திருக்கிறது. சங்கங்கள் பல தத்தம் பெயரில் இணையதளம் அமைத்து, சேலை, வேட்டி, துண்டு, ஜமக்காளம், மஞ்சள், வெல்லம் முதலியவற்றைப் படத்தோடும் விலையோடும் காட்டி வருகின்றன. இது பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால் கடை திறப்பது வேறு. கடைக்கு ஆள் வருவது வேறு. கடைத்தெருவில் கடை வைத்தால் போவோர் வருவோர் கண்ணில் படும். இணையத்திலோ வழிப்போக்கர் என்று எவரும் இலர். சங்கத்தின் முகவரியை முன்பே அறிந்தவர் நேரே வருவார்; அறியாதவர் தேடித்தான் வரவேண்டும். "கைத்தறிப் பருத்திச் சேலை" என்று கைபேசியில் எழுதித் தேடுகிறவருக்கு எந்தக் கடையைக் காட்டுவது, எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே தள்ளுவது என்று தீர்மானிப்பது தேடுபொறி ஆகும்.

நெடுஞ்சாலையை ஒட்டி வாழ்ந்த ஊர்களுக்குப் புறவழிச்சாலை வந்தபோது நேர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். பழைய சாலையில் இருந்த கடையின் சரக்கும் மாறவில்லை, விலையும் மாறவில்லை, கடைக்காரர் குணமும் மாறவில்லை. சாலை மாறியது, வியாபாரம் படுத்தது. தேடுபொறியின் விதிகள் மாறும்போது இணையதளம் வைத்திருப்போருக்கு நேர்வதும் இதுவே. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. புறவழிச்சாலை போடுமுன் நிலம் அளப்பார்கள், அறிவிப்புக் கொடுப்பார்கள், ஆட்சேபணை கேட்பார்கள். தேடுபொறியின் சாலையோ ஓரிரவில் திரும்பிவிடக் கூடும். இம்மாறுதல்கள் ஏன் நிகழ்கின்றன, யாருக்கு நஷ்டம் விளைந்தது, நம் சங்கங்கள் எவ்வாறு தம்மைக் காத்துக்கொள்ளலாம் என்பவற்றை அங்கத்தினர் யாவரும் அறிந்திருப்பது நலம்.

தேடுபொறி செய்யும் வேலை

தேடுபொறியின் வேலை மூன்று படிகளாக நடைபெறுகிறது. முதலாவது, அதன் கணினி நிரல்கள் இணைப்புகளைப் பற்றிக்கொண்டு தளம் தளமாகச் சென்று பக்கங்களைப் படிக்கின்றன. இரண்டாவது, படித்தவற்றை மாபெரும் அட்டவணையாகப் பதிந்து வைக்கின்றன. மூன்றாவது, ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது அவ்வட்டவணையிலிருந்து பொருத்தமான பக்கங்களை எடுத்து, தகுதியை மதிப்பிட்டு வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. சங்கத்தின் பக்கம் படிக்கப்படாவிட்டால் பதியப்படாது, பதியப்படாவிட்டால் காட்டப்படாது, பதியப்பட்டும் வரிசையில் மிகவும் பின்னே நின்றால், காட்டப்பட்டும் காணப்படாது.

தேடுபொறிகள் பல இருந்தபோதிலும் கூகிள் என்பதே உலகின் பெரும்பகுதியினர் பயன்படுத்துவது. அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டில் நடந்த தேடல்களில் ஏறத்தாழ 90 சதவீதம் கூகிள் வழியே நடந்தன என்று அந்நாட்டு நீதிமன்றம் ஒன்று 2024 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பில் கண்டறிந்தது. கைபேசித் தேடல்களில் இப்பங்கு ஏறத்தாழ 95 சதவீதம். கூகிள் சட்ட விரோதமாகத் தன் ஏகபோகத்தைக் காத்து வந்தது என்பதும் அத்தீர்ப்பின் முடிவாகும். ஆகையால் கூகிளின் விதி மாறுதல் என்பது ஒரு கடைத்தெருவின் மாறுதல் அன்று. எல்லாச் சந்தைகளுக்கும் செல்லும் பெருவழியின் மாறுதல் எனலாம்.

இந்நிறுவனம் 1998-இல் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் இருவரால் தொடங்கப்பட்டது. அவர்கள் கண்ட வழி எளியது. ஒரு பக்கத்திற்கு வேறு பக்கங்களிலிருந்து எத்துணை இணைப்புகள் வருகின்றனவோ, இணைப்பைத் தரும் பக்கங்கள் எத்துணை மதிப்புடையனவோ, அத்துணைக்கு அப்பக்கமும் மதிப்புடையது என்பது அது. நல்ல நெசவாளரை நாலு பேர் சொல்லக் கேட்டு நாடிப் போவது போன்றது இம்முறை. ஆனால் நாலு பேர் சொல்வதற்கு மதிப்பு உண்டென்று தெரிந்த கணமே, காசு கொடுத்து நானூறு பேரைச் சொல்லச் செய்வோரும் தோன்றினர். விதிகள் இடைவிடாது மாறி வருவதற்கு இதுவே முதற் காரணம்.

விதிகள் மாறிய வரலாறு

வரிசைப்படுத்தும் முறையில் கூகிள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சிறு மாறுதல்களைச் செய்து வருகிறது. அவற்றுட் பெரும்பாலானவை எவர் கண்ணிலும் படுவதில்லை. சில மட்டும் பெருங்காற்றாக வீசிவிட்டன.

2011 பிப்ரவரியில் முதலில் அமெரிக்காவில் புகுத்தப்பட்ட "பாண்டா" என்ற மாறுதல் அவற்றுள் ஒன்று. பிறர் எழுதியதைப் படியெடுத்தும், சாரமற்ற செய்திகளை ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தும் முன்வரிசை பிடித்த தளங்களைப் பின்தள்ளுவது இதன் நோக்கம். அந்நாட்டுத் தேடல்களில் 11.8 சதவீதத்தின் வரிசை இதனால் குறிப்பிடத்தக்க அளவு மாறியதாக அந்நிறுவனமே அறிவித்தது. நூறு கேள்விகளில் ஏறத்தாழ பன்னிரண்டுக்கு விடை வரிசை ஒரேயடியாக மாறிற்று என்றால், எத்தனை கடைகளின் வருமானம் ஏறியும் இறங்கியும் இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்து 2012 ஏப்ரலில் வந்தது "பெங்குவின்". விலைக்கு வாங்கிய இணைப்புகளாலும், ஒரே சொல்லைப் பக்கமெங்கும் திணிப்பதாலும் முன்னே வந்தவர்களை இது தாக்கியது. 2015 ஏப்ரலில் மற்றொரு விதி அமுலுக்கு வந்தது. கைபேசியில் படிக்கத் தக்கவாறு அமைந்த பக்கங்களுக்குக் கைபேசித் தேடலில் முன்னுரிமை அளிப்பது அது. பின்னர் ஒரு தளத்தின் கைபேசி வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு அதனைப் பதியும் முறை படிப்படியாகப் புகுத்தப்பட்டு 2023 அக்டோபரில் நிறைவுற்றது. கணினித் திரையில் அழகாகவும் கைபேசியில் எழுத்தே தெரியாமலும் இருக்கும் தளங்கள் நம் சங்கங்களிலும் உண்டு. அத்தகைய தளத்தைக் கட்டி முடித்துத் திறப்புவிழாவும் நடத்திய நிர்வாகக் குழுவினர், வருவோர் ஏன் குறைவு என்று வியந்துகொண்டிருப்பர்.

2022 ஆகஸ்டில் "பயன்தரும் உள்ளடக்கம்" என்ற பெயரில் மற்றொரு மாறுதல் தொடங்கி, 2024 மார்ச்சில் அடிப்படை வரிசை முறையுடனேயே இணைக்கப்பட்டது. தேடுபொறியைக் கவர்வதற்கென எழுதப்பட்டவற்றைத் தாழ்த்தி, மக்களுக்கு உதவும்படி எழுதப்பட்டவற்றை உயர்த்துவது இதன் நோக்கம் என்று கூறப்பட்டது.

நோக்கத்தைப் பொறுத்தவரை இம்மாறுதல்களைக் குறை கூற இயலாது. விளைபொருள்களுக்கு அக்மார்க் முத்திரை ஏற்பட்டதும், கைத்தறித் துணிக்குக் கைத்தறி முத்திரை 2006-இல் ஏற்பட்டதும் கலப்படத்தையும் போலியையும் பிரித்துக் காட்டுவதற்கே. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவன் பின்தள்ளப்பட்டால் நமக்கு இலாபமே. எனினும் அக்மார்க் தரங்கள் இன்னவை என்று அரசிதழில் அச்சாகியிருக்கின்றன; தராசில் ஐயம் இருந்தால் மீண்டும் நிறுக்கச் சொல்லலாம். தேடுபொறியின் தராசோ திரைக்குப் பின்னால் இருக்கிறது. பொதுவான நெறிகளை அந்நிறுவனம் வெளியிடுகிறது. எந்த நெறிக்கு எத்துணை எடை என்பதை வெளியிடுவதில்லை. வெளியிட்டால் ஏமாற்றுவோர் அதையே பயன்படுத்திக்கொள்வர் என்பது அதன் சமாதானம். அச்சமாதானத்தில் உண்மை உண்டு. நேர்மையாக நடப்போரின் இடர்ப்பாடும் அதனால் தீர்ந்துவிடவில்லை.

தரகர் செய்த குற்றம், கடைக்கு வந்த தண்டனை

துணி விற்போர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு ஒன்று 2011-இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஜே.சி.பென்னி என்பது அந்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிளைகளைக் கொண்டிருந்த பெரிய கடை. உடை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு முதலிய சொற்களை எவர் தேடினும், விழாக்காலம் முழுவதும் இக்கடையே முதலிடத்தில் நின்றது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதனை ஆராய்ந்தபோது, துணிக்கும் விரிப்புக்கும் சிறிதும் தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இக்கடைக்கு இணைப்புகள் இடப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. கூகிள் உடனே நடவடிக்கை எடுத்தது. ஒரு குறிப்பிட்ட பெட்டிக்கான தேடலில் மாலையில் முதலிடத்தில் நின்ற கடை, இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்திற்குச் சென்றது.

அவ்விணைப்புகள் தாம் அறியாமல் இடப்பட்டவை என்று கடையார் கூறினர். தமக்காகப் பணிபுரிந்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கினர். ஆயினும் தண்டனை கடைக்கே வந்தது. ஏவலாளன் செய்ததற்கு எசமானன் பொறுப்பு என்பது வியாபாரத்தின் பழைய விதி. ஆயிரம் கிளைகள் உடைய கடை இவ்வடியைத் தாங்கிக்கொள்ளும். நாற்பது தறிகள் உடைய சங்கம் தாங்குமா?

"மாதம் இவ்வளவு கொடுங்கள், உங்களை முதற்பக்கத்தில் முதலிடத்திற்குக் கொண்டுவருகிறோம்" என்று வாக்களிக்கும் முகவர்கள் சங்கங்களை நாடி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. கூகிளில் முதலிடத்தை எவராலும் உறுதி கூற இயலாது என்று அந்நிறுவனமே தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. விளம்பரத்திற்குப் பணம் வாங்கும்போது அதனை விளம்பரம் என்று குறித்தே காட்டுகிறது. இயல்பான வரிசையில் இடத்தை விற்பதில்லை. ஆகவே விற்கப்படாத பொருளுக்கு விலை கேட்கும் முகவரிடம் சங்கப் பணத்தைக் கொடுப்பது, முளைக்காத விதைக்கு முன்பணம் கொடுப்பதை ஒக்கும். ஒப்பந்தத்தில் செய்யப்போகும் வேலை இன்னது என்று விவரமாக எழுதப்படாமல் "முதலிடம்" என்ற சொல் மட்டும் இருக்குமாயின், நிர்வாகக் குழு அதில் கையொப்பமிடாதிருப்பதே தகும்.

குற்றமற்றவர்க்கும் நேரும் நஷ்டம்

ஏமாற்றியவர் தண்டிக்கப்பட்டது மட்டுமே வரலாறாக இருந்தால் நாம் அஞ்ச வேண்டியதில்லை. அவ்வாறில்லை என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த வழக்கு ஒன்று சான்றாகும். ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்ற தம்பதியர் 2006-இல் ஃபவுண்டெம் என்ற தளத்தைத் தொடங்கினர். ஒரே பொருள் எக்கடையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டுவது அதன் பணி. தளம் மக்களுக்குத் திறக்கப்பட்ட சில நாட்களிலேயே கூகிளின் வரிசையில் அது காணாமற் போயிற்று. வேறு தேடுபொறிகளில் அதே தளம் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தது. முறையீடு பலவற்றிற்குப் பின், மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2009-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அத்தடை நீங்கியது.

அவர்கள் 2009-இல் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் செய்தனர். கூகிள் தனது சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை உயர்த்தி வைத்துப் போட்டியாளர் சேவைகளைத் தாழ்த்தியது என்று ஆணையம் 2017 ஜூனில் முடிவு செய்து 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. மேன்முறையீடுகள் நடந்து, ஐரோப்பிய உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அம்முடிவை உறுதி செய்தது. நீதி கிடைத்தது, ஆனால் ஃபவுண்டெம் 2016-லேயே மூடப்பட்டுவிட்டது. விளைநிலம் காய்ந்த பிறகு வாய்க்கால் வழக்கில் வெற்றி கிடைத்தது போலாயிற்று.

நம் நாட்டிலும் இத்தகைய முறையீடு எழுந்ததுண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் என்ற திருமணத் தகவல் நிறுவனமும், ஒரு நுகர்வோர் சங்கமும் 2012-இல் தொடுத்த வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகிளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றச்சாட்டுகள் எல்லாம் மெய்ப்பிக்கப்படவில்லை எனினும், தேடல் முடிவுகளைக் காட்டுவதில் பாரபட்சம் இருந்தது என்று ஆணையம் கண்டது. அதனை எதிர்த்து மேன்முறையீடும் செய்யப்பட்டது. பெரிய நிறுவனம் ஒன்றே ஆறு ஆண்டுகள் காத்திருந்து முதல் தீர்ப்பைப் பெற்றதெனில், சிறு சங்கம் ஒன்று வழக்கை நம்பி வியாபாரம் நடத்த இயலாது என்பது வெளிப்படை.

வழக்குக்கே போகாத சிறு தளங்களும் பல. காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளைத் தாமே வாங்கிச் சோதித்து எழுதிவந்த ஹவுஸ்ஃப்ரெஷ் என்ற சிறு தளம், வரிசை மாறுதல்களுக்குப் பின் தேடல் வழியே வருவோரில் பெரும்பகுதியினரை இழந்துவிட்டதாக 2024-இல் எழுதியது. பெயர்பெற்ற பெரிய பத்திரிகைகளின் தளங்கள் அதற்கு முன்னே நின்றன. உழைத்துச் சோதித்தவர் பின்னேயும் பெயருள்ளவர் முன்னேயும் நிற்கும் நிலை, தறியில் உட்கார்ந்தவர் பின்னேயும் முத்திரை குத்தியவர் முன்னேயும் நிற்கும் பழங்கதையை நமக்கு நினைவூட்டுகிறது.

விடையே முன்வந்து நின்றால்?

2024 முதல் மற்றொரு மாறுதல் பரவி வருகிறது. தேடுகிறவருக்குத் தளங்களின் வரிசையைக் காட்டுவதற்கு முன்பே, செயற்கை நுண்ணறிவு பல தளங்களில் உள்ளதைத் திரட்டி விடையாகவே எழுதிக் காட்டுகிறது. அமெரிக்காவில் அவ்வாண்டு மே மாதத்திலும் இந்தியாவில் ஆகஸ்டிலும் கூகிள் இதனைப் புகுத்தியது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் விடையைத் தந்த தளத்திற்கு எவர் செல்வார்? மாணவர்களுக்குப் பாட உதவி வழங்கும் செக் என்ற அமெரிக்க நிறுவனம், இதனால் தன் தளத்திற்கு வருவோர் குறைந்தனர் என்று 2025 பிப்ரவரியில் கூகிள் மீது வழக்குத் தொடுத்தது.

இங்கே அங்கத்தினர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். செய்தியை மட்டும் விற்றவர்கள் இம்மாறுதலால் பெரிதும் இடர்ப்படுகின்றனர். ஏனெனில் அவர்களுடைய சரக்கே விடையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நமது சரக்கு அத்தகையதன்று. பவானி ஜமக்காளத்தின் வரலாற்றை இயந்திரம் நாலு வரியில் சொல்லிவிடும். ஜமக்காளத்தை நெய்து தராது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று சொல்லும். ஒரு கிலோ மஞ்சளை அளந்து தராது. பொருள் நம் கையில் இருக்கிறது. நம் கையில் இல்லாதது பொருளுக்கும் வாங்குவோருக்கும் இடையே உள்ள வழி ஒன்றே. ஆகையால் வழியை நம்மால் இயன்ற மட்டும் நம் கைக்குக் கொண்டுவருவதே இப்போது செய்ய வேண்டிய வேலை.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

முதலாவது, டொமைன் எனப்படும் இணையப் பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். ஒரு நெசவாளர் சங்கத்தில் ஆய்வு செய்தபோது, தளத்தின் பெயர் அதனை அமைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர் பெயரில் இருந்தது தெரியவந்தது. அவர் தளத்தைப் புதுப்பித்தபோது பக்கங்களின் முகவரிகளையெல்லாம் மாற்றிவிட்டார். பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் திருப்பும் ஏற்பாடு செய்யவில்லை. வருவோர் தொகை சரிந்தது. தேடுபொறியின் மாறுதலே காரணம் என்று குழுவினர் நம்பியிருந்தனர். உண்மையில் கடையை இடம் மாற்றிவிட்டுப் பழைய கதவில் அறிவிப்பு ஒட்டாமற் போனதே காரணம். எல்லாச் சரிவையும் தேடுபொறியின் தலையில் ஏற்றலாகாது. இணையப் பெயரும், அதன் கடவுச்சொல்லும், புதுப்பிக்கும் தேதியும் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். காரியதரிசி மாறும்போது சாவிக்கொத்தோடு இவையும் ஒப்படைக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, தளத்தில் எழுதுவது சங்கம் மட்டுமே எழுதக் கூடியதாக இருக்க வேண்டும். "மிக அழகிய தரமான சேலை" என்பதை எவரும் எழுதலாம். நூல் எத்தனையாம் நம்பர், பாவு எத்தனை முழம், சாயம் எத்தகையது, கரை எவ்வாறு கோக்கப்பட்டது, ஒரு சேலை நெய்ய எத்தனை நாள் ஆகும், துவைப்பது எப்படி என்பவற்றை நெய்தவரே எழுதவல்லார். மஞ்சளாயின் எந்த வட்டாரத்தில் விளைந்தது, எப்போது அறுவடையாயிற்று, வேகவைத்து உலர்த்தியது எங்ஙனம் என்று சொல்லலாம். 2011 முதல் வந்த மாறுதல்கள் பலவும் படியெடுத்ததைத் தாழ்த்திச் சொந்த அனுபவத்தை உயர்த்துவதையே நோக்கமாகச் சொல்கின்றன. அந்நோக்கம் முழுதும் நிறைவேறாவிடினும், வாங்குவோர் மனத்தில் நம்பிக்கை விளைவது உறுதி. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது நலம்.

மூன்றாவது, தளத்தைக் கைபேசியில் திறந்து பாருங்கள். எழுத்து படிக்க முடிகிறதா, படம் விரைவில் வருகிறதா, விலையும் தொலைபேசி எண்ணும் தெரிகின்றனவா என்று குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கைபேசியில் சோதிக்கட்டும். இதற்கு நிபுணர் எவரும் வேண்டியதில்லை.

நான்காவது, வருவோர் கணக்கை மாதந்தோறும் ஒரு புத்தகத்தில் பதிந்து வாருங்கள். எந்தெந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தனர் என்பதைத் தெரிவிக்கும் கருவி ஒன்றைக் கூகிள் தள உரிமையாளர்க்கு இலவசமாகவே அளிக்கிறது. நிலப்படத்தில் கடையின் இடத்தைக் குறிப்பதும் இலவசமே. கையிருப்புப் பதிவேட்டைப் பார்ப்பது போல இக்கணக்கையும் பார்த்துவந்தால், சரிவு நேர்ந்த நாள் தெரியும். நாள் தெரிந்தால் அது தேடுபொறியின் மாறுதலாலா, நம் கவனக்குறைவாலா, பருவ மந்தத்தாலா என்பதைப் பிரித்தறியலாம். மாறுதல் ஒன்று வந்தவுடன் பதறித் தளத்தைக் கலைத்துப் புதிதாகக் கட்டுவது வேண்டா. நடைமுறைக்கு வந்து முடியவே சில வாரங்கள் பிடிக்கும் மாறுதல்களும் உண்டு.

ஐந்தாவதும் தலையாயதும் இது: வாங்கினவரை மறவாதீர்கள். ஒருமுறை சேலை வாங்கியவரின் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை அவருடைய சம்மதத்துடன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை வற்புறுத்துகிறது. பொங்கலுக்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும் புதுச் சரக்கைப் பற்றி அவருக்கு ஒரு செய்தி அனுப்பினால், அவர் மீண்டும் நேரே நம்மிடம் வருவார். இவ்வழியில் எந்தத் தேடுபொறியும் குறுக்கே நிற்பதில்லை. எந்த மாறுதலும் இவ்வழியை மூடுவதில்லை. தேடுபொறி புதியவரை அழைத்து வரட்டும். வந்தவரை வைத்துக்கொள்வது நம் வேலை.

"சிறு சங்கத்திற்கு இவ்வளவு வேலையும் கட்டுபடியாகுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தனித்துச் செய்ய இயலாததைச் சேர்ந்து செய்வதற்காகத்தானே கூட்டுறவு ஏற்பட்டது? ஒரு வட்டாரத்தில் உள்ள ஐந்தாறு சங்கங்கள் சேர்ந்து, கணினி பயின்ற அங்கத்தினர் வீட்டுப் பிள்ளை ஒருவரைப் பணியமர்த்தி, எல்லாத் தளங்களையும் கவனிக்கச் செய்யலாம். முகவருக்கு மாதந்தோறும் கொடுக்கும் தொகை ஓர் அங்கத்தினர் குடும்பத்திற்குச் சம்பளமாகப் போய்ச் சேரட்டும். இணையப் பெயர்களில் கூட்டுறவு ஸ்தாபனங்களுக்கென்றே "கூப்" என முடியும் தனிப் பிரிவு ஒன்று 2000-ஆம் ஆண்டிலேயே ஏற்கப்பட்டிருக்கிறது. அப்பெயர் தாங்கிய தளத்தைப் பார்ப்பவர், அது கூட்டுறவு ஸ்தாபனத்தினுடையது என்று உடனே அறிவார்.

மற்றவர் வழியும் நம் வழியும்

நூலைக் கடனாகக் கொடுத்து, துணியைத் தாம் சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்ட இடைத்தரகரிடமிருந்து விடுபடவே நம் பெரியோர் நெசவாளர் சங்கங்களை ஏற்படுத்தினர். தரகர் அனைவரும் தீயவர் என்பதன்று அவர்கள் கருத்து. ஒரே தரகரை நம்பியிருப்பவர் விலை பேசும் உரிமையை இழந்துவிடுகிறார் என்பதே அவர்கள் கண்ட உண்மை. தேடுபொறியும் அத்தகைய ஓர் இடைநிலையே. அது கூலி கேட்காமல் கடைக்கு ஆள் கொண்டுவருகிறது. அதனைப் பயன்படுத்தாமல் ஒதுக்குவது அறியாமை. அதனை மட்டுமே நம்பித் தறிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது அதனினும் பெரிய அறியாமை.

வருகிற பொதுச் சபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளை எழுப்புவார்களாக. நம் சங்கத்தின் இணையப் பெயர் யார் பெயரில் இருக்கிறது? சென்ற ஆண்டு இணையத்தில் விற்றவற்றுள் தேடுபொறி வழியே வந்தவை எவ்வளவு, பழைய வாடிக்கையாளர் நேரே கேட்டு வாங்கியவை எவ்வளவு? நாளையே தேடுபொறியின் வரிசையில் நாம் பின்னே போய்விட்டால் எத்தனை தறிகள் நிற்கும்? இம்மூன்றுக்கும் பதிவேட்டைப் பார்த்து விடை சொல்லக் கூடிய சங்கம், எம்மாறுதல் வந்தாலும் தன் அங்கத்தினருக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும். விடை சொல்ல இயலாத சங்கம், வியாபாரம் நன்றாக நடக்கும் இந்நாளிலேயே அதற்கான ஏற்பாட்டைத் தொடங்குவதே அறிவுடைமையாகும்.